புத்தகம் திறந்திருக்கிறது, பதில் எங்கே?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: வீட்டில் உட்கார்ந்து, புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதும் தேர்வு. அதனால் சமையல் கேள்விகளையும் மாமியார் கேள்விகளையும் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். மாமியார்கள் மன்னிக்கவும்.

கேள்வி: அக்கா, நான் டிப்ளோமா இரண்டாம் ஆண்டு. வணிகச் சட்டத்துக்குத் திறந்த புத்தகத் தேர்வு வைத்திருக்கிறார்கள். மூன்று மணி நேரம், நான்கு கேள்வி, வீட்டிலிருந்தே எழுதலாம். புத்தகம்தான் பக்கத்தில் இருக்கப் போகிறதே, எதற்குப் படிக்கணும் என்று தோழிகள் சிரிக்கிறார்கள். எப்படித் தயாராவது?
வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: தங்கச்சி, உன் தோழிகள் சொல்வதை நம்பி நானும் ஏமாந்திருக்கிறேன். கோலாலம்பூரில் ஒரு வக்கீல் ஆபீசில் 27 வருஷம் கிராணியாக இருந்துவிட்டு, 51 வயதில் தொலைதூரக் கல்வியில் வணிக நிர்வாகம் படிக்கச் சேர்ந்தேன். 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. மண்டபத்தில் எழுத வேண்டிய சோதனை வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டது. எனக்கு ஒரே சந்தோஷம். ஒன்பது புத்தகத்தைக் கல்யாணப் பந்தி மாதிரி வரிசையாகப் பரப்பி வைத்தேன். ஒவ்வொன்றிலும் மஞ்சள் பேனாவால் கோடு போட்டிருந்தேன். முக்கியமான வரி, முக்கியமில்லாத வரி எதையும் விடவில்லை. பார்த்தால் புத்தகத்துக்கு மஞ்சள் நீராட்டு விழா நடந்தது போல இருக்கும்.

கேள்வித்தாள் வந்ததும் தேட ஆரம்பித்தேன். ஒரு புத்தகத்தில் பாதிப் பதில், இன்னொன்றில் மீதி. இதைவிட நன்றாக வேறெங்காவது இருக்குமோ என்று மூன்றாவதைப் புரட்டினேன். நிமிர்ந்து பார்த்தால் இரண்டு மணி நேரம் போய்விட்டது. நான்கு கேள்வியில் இரண்டரைதான் எழுதினேன். அந்த அரையும் பாதி வாக்கியத்தில் நிற்கும்.

இதில் எனக்குப் பெரிய அவமானம் என்ன தெரியுமா? புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்வது எப்படி என்று 27 வருஷமாகத் தினமும் கண்ணால் பார்த்தவள் நான். கோர்ட்டில் வாதாடும் வக்கீல் சட்டப் புத்தகத்தை மனப்பாடம் செய்து வைத்திருப்பதில்லை. ஆனால் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, காகிதக் கட்டுக்குள் எத்தனையாவது ஒட்டுத் தாள் என்று அவருக்குத் தெரியும். நீதிபதி கேட்டதும் கை நேராக அங்கே போகும். முதல் நாள் ராத்திரி எட்டு மணி வரை உட்கார்ந்து அந்த ஒட்டுத் தாள்களை ஒட்டியது நான்தான். என் சொந்தச் சோதனைக்கு ஒன்றுகூட ஒட்டவில்லை.

அடுத்த பருவத்தில் ஒரு 555 புத்தகம் வாங்கினேன். சட்டைப் பையில் நுழையுமே, மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, அதேதான். தோட்டத்தில் இருந்தபோது அம்மாவின் சம்பளம் முழுக்க அதற்குள்தான் கிடந்தது. அதில் அகர வரிசையில் தலைப்புகளை எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் எந்தப் புத்தகம், எந்தப் பக்கம், அப்புறம் என் சொந்த வார்த்தையில் ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரிதான் கஷ்டம். புரியாத விஷயத்தை ஒரு வரியில் எழுதவே முடியாது. எழுத வராத இடம் எல்லாம் நான் மறுபடியும் படிக்க வேண்டிய இடம் என்று தெரிந்துகொண்டேன். அந்தச் சின்னப் புத்தகத்தை எழுதி முடிப்பதற்குள் பாடத்தில் முக்கால்வாசி மண்டையில் ஏறிவிட்டது.

எழுதி முடித்ததும் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். கையில் தேநீரோடு ஏதாவது ஒரு தலைப்பைச் சொல்லுவார். அரை நிமிடத்துக்குள் நான் பக்கத்தை எடுத்துக் காட்ட வேண்டும். எடுக்க முடியாவிட்டால் அட்டவணையில் கோளாறு, அதை மாற்றி எழுது. உன் வீட்டில் தம்பி, தங்கை யாராவது இருந்தால் போதும், இதற்குச் சட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

மடிக்கணினியில் கண்ட்ரோல் எஃப் அடித்தால் வந்துவிடுமே என்று நீ கேட்கலாம். வரும், ஆனால் எந்தச் சொல்லைத் தேடுவது என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். மாமா வீட்டுக் கூரையை மருமகன் சும்மா ஒத்தாசைக்குச் சரி செய்து கொடுக்கிறான். ஒரு மாதம் கழித்து மாமா மனம் குளிர்ந்து 3,000 ரிங்கிட் தருகிறேன் என்கிறார். அப்புறம் பேச்சு மாறுகிறார். பணம் வாங்க முடியுமா? இதில் நீ ‘கூரை’ என்று தேடினால் பாடப் புத்தகத்தில் ஒன்றும் வராது. இது கைமாறு, அதாவது கன்சிடரேஷன் பற்றிய கேள்வி என்று உனக்கே உறைக்க வேண்டும். 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 26-ஆவது பிரிவு, கைமாறு இல்லாத ஒப்பந்தம் செல்லாது என்று சொல்லிவிட்டு, மூன்று விலக்கும் தருகிறது. வாக்குக் கொடுத்தவருக்காக ஒருவர் தாமாக முன்வந்து ஏற்கெனவே செய்த வேலைக்கு ஈடு தருவதாகச் சொன்ன வாக்கு அதில் ஒன்று. சரி, அதே மாமா ‘கொஞ்சம் வந்து கூரையைப் பாருடா’ என்று அவரே கூப்பிட்டிருந்தால்? அப்போது 26-ஐ விட்டுவிட்டு 2(d) பிரிவுக்குப் போக வேண்டும். வாக்குக் கொடுப்பவர் விரும்பிக் கேட்டு முன்பே செய்து முடித்த வேலையும் நம் சட்டத்தில் கைமாறுதான். இதற்குக் கெப்போங் ப்ராஸ்பெக்டிங் வழக்கைக் காட்டலாம். ‘கூப்பிட்டார்’ என்ற ஒரே சொல்லில் பதிலின் பாதை திரும்புகிறது. அந்தச் சொல்லைக் கவனிக்கிறாயா என்பதற்குத்தான் மதிப்பெண். பிரிவை அப்படியே பார்த்து எழுதி வைத்தால் திருத்துபவர் என்ன செய்வார்? புத்தகம் எல்லாரிடமும் இருக்கிறதே.

மூன்று மணி நேரத்தை இப்படிப் பிரித்துக்கொள். கேள்வித்தாளைப் படிக்க 15 நிமிடம், ஒவ்வொரு பதிலுக்கும் 35, கடைசி 25 சரிபார்க்கவும் கோப்பை அனுப்பவும். முதலில் தெரிந்ததை எழுது, பிரிவு எண்ணுக்கும் வழக்கின் பெயருக்கும் மட்டும் புத்தகத்தைத் திற. பழைய கேள்வித்தாள் ஒன்றை எடுத்து, கடிகாரத்தை வைத்து, ஒரு முறையாவது முழுசாக எழுதிப் பார். பாதி எழுதிவிட்டு ‘மீதி தெரியும்’ என்று எழுந்து போகாதே. எனக்குத் தெரியும், எழுந்து போகத் தோன்றும்.

கேள்வி: என் மகன் லண்டனில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் இங்கிருந்தே படிக்கிறான். மே மாதத் தேர்வு அந்த ஊர் நேரம் காலை 10 மணி என்று போட்டிருக்கிறது. எட்டு மணி நேர வித்தியாசம், அதனால் நமக்கு மாலை ஆறு என்கிறான். சரியா?
வாசகர், பூச்சோங்

பதில்: சரியில்லை ஐயா. மாலை ஐந்து. பிரிட்டனில் மார்ச் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிடுவார்கள், அக்டோபர் கடைசி ஞாயிறு வரை அப்படியே இருக்கும். அந்த மாதங்களில் வித்தியாசம் ஏழு மணி நேரம்தான். தம்பி ஆறு மணிக்கு வந்து உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் அவனில்லாமலே ஓடியிருக்கும். இன்றைக்கே நாட்காட்டியில் ‘ஐந்து’ என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

இன்னொன்று. சாயங்காலம் ஐந்து மணி என்றால் நம் ஊரில் இடி மின்னல் நேரம். மடிக்கணினி மின்கலத்தை முழுசாக ஏற்றி வைக்கச் சொல்லுங்கள். மின்சாரம் போனால் வை-ஃபை பெட்டியும் கூடவே போகும், அதனால் கைப்பேசியில் டேட்டா போட்டு, ஹாட்ஸ்பாட் வேலை செய்கிறதா என்று முதல் நாளே பார்த்துவிடட்டும். தேர்வு நடுவில் ஏதாவது கோளாறு வந்தால் உடனே திரையைப் படம் எடுத்து நேரத்தோடு வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு முறையிட அதுதான் கையில் இருக்கும் சாட்சி.

கேள்வி: மகளுக்கு 24 மணி நேரத் தேர்வாம். போன தடவை ராத்திரி முழுக்கத் தூங்காமல் எழுதினாள். விடியற்காலையில் அழுதாள். நான் என்ன செய்வது?
ஒரு தாய், பட்டர்வொர்த்

பதில்: அம்மா, 24 மணி நேரம் கொடுத்தால் 24 மணி நேரமும் எழுத வேண்டும் என்று பொருளில்லை. சொல் எண்ணிக்கைக்கு வரம்பு போட்டிருப்பார்கள், அதை மகளிடம் கேளுங்கள். 2,000 சொல் என்றால் அது ஏழெட்டு மணி நேர வேலை. மீதி, வேலைக்குப் போகிறவர்களுக்கும் இணையம் சரியில்லாதவர்களுக்கும் கொடுத்திருக்கிற தாராளம். படுப்பதற்கு முன் ஒரு முழு வரைவு, தூங்கி எழுந்து அதைத் திருத்துவது. இதை அவளிடம் இப்போதே பேசிவிடுங்கள், அன்றைக்குப் பேசினால் சண்டைதான் வரும்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். அன்று உறவினர் யாரும் வீட்டுக்கு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போய்விடுங்கள். ‘எத்தனை கேள்வி முடிந்தது?’ என்று கேட்கவே கேட்காதீர்கள்.

கேள்வி: எங்கள் வகுப்புப் புலன (வாட்ஸ்அப்) குழுவில் ஆளுக்கொரு கேள்வி எழுதிப் பகிர்ந்துகொள்ளலாம் என்கிறார்கள். மீதியைச் சாட்ஜிபிடி பார்த்துக்கொள்ளுமாம். நான் மட்டும் மறுத்தால் நட்பு போய்விடும்.
வாசகர், செந்தூல்

பதில்: போகட்டும், தம்பி. தேர்வுக்கு முன்னால் சேர்ந்து படியுங்கள், 555 புத்தகத்தைக்கூட ஒருவருக்கொருவர் ஒப்பிட்டுப் பாருங்கள், அதில் தப்பில்லை. கேள்வித்தாள் வந்த நிமிடத்திலிருந்து அந்தக் குழுவை மௌனத்தில் போடு. டர்னிட்டின் போன்ற மென்பொருள் இணையத்தோடு மட்டும் ஒப்பிடுவதில்லை, மற்ற மாணவர்கள் அனுப்பிய தாளோடும் ஒப்பிடும். ஒரே பதில் பன்னிரண்டு பேரிடம் இருந்தால் யார் எழுதியது, யார் பார்த்து எழுதியது என்று யாரும் விசாரிக்க மாட்டார்கள். பன்னிரண்டு பேரையும் கூப்பிடுவார்கள்.

சாட்ஜிபிடி விஷயத்தில் உன் பல்கலைக்கழகம் என்ன விதி வைத்திருக்கிறது என்று முதலில் படி. அனுமதித்தால்கூட அது சொல்லும் வழக்குகளை நம்பாதே. 2023-இல் நியூயார்க்கில் வக்கீல்கள் அது கொடுத்த வழக்குகளை அப்படியே கோர்ட்டில் தாக்கல் செய்தார்கள். அப்படி வழக்குகளே இல்லை. 5,000 டாலர் அபராதம். எங்கள் ஆபீசில் நடந்திருந்தால், ‘நீ சரிபார்க்கவில்லையா?’ என்று முதல் திட்டு கிராணிக்குத்தான் விழுந்திருக்கும்.

கேள்வி: எல்லாருக்கும் அறிவுரை சொல்கிறீர்கள். நீங்கள் என்ன மார்க் வாங்கினீர்கள், அக்கா?
குறும்பு வாசகி, ஜாலான் ஈப்போ

பதில்: பந்தி பரப்பிய சோதனையில் சி. 555 புத்தகம் எழுதியதில் பி பிளஸ். ஏ எதிர்பார்த்தேன், மூன்றாவது கேள்வியில் ‘கூப்பிட்டார்’ மாதிரி ஒரு சொல்லைக் கோட்டை விட்டேன். அந்தப் புத்தகம் இன்னும் சாமி மாடத்துக்குக் கீழே இருக்கிறது. வீட்டுக்கு வந்தால் காட்டுகிறேன். கடனாக மட்டும் கேட்காதே.