தொட்டபெட்டாவுக்குப் பிற்பகலில் போகலாமா? டாக்ஸிக்காரர் கேட்கும் 500 ரூபாய் எதற்கு?

கேள்வி: மே இரண்டாம் வாரம், சனிக்கிழமை காலை மேட்டுப்பாளையத்தில் டாக்ஸி பிடித்து மதியத்துக்குள் ஊட்டி போய்ச் சேருகிறோம். பிரஷர் மாத்திரை சாப்பிடும் 68 வயது அம்மாவும் உடன் வருகிறார். அன்றே தொட்டபெட்டா சிகரம் பார்க்க ஆசை. “இ-பாஸ் நான் எடுத்துத் தர்றேன், 500 ரூபா ஆகும். நாலு மணிக்கு மேல போனாத்தான் வியூ. அதுக்கு முன்னாடி அஞ்சு ஸ்பாட் காட்டிடறேன்” என்கிறார் டிரைவர். சரிதானா?
- திருச்சி வாசகர்

பதில்: 500 ரூபாயும் தவறு, நாலு மணியும் தவறு.

முதலில் இ-பாஸ். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் நுழையும் வெளியூர் வண்டிகளுக்கு இது கட்டாயம். கட்டணம் ஒரு பைசா கிடையாது. அரசு மின்ஆளுமை முகமையின் தளத்தில் கைபேசி எண்ணைக் கொடுத்து, வரும் ஓடிபியைப் போட்டு, வண்டி எண், ஆட்களின் எண்ணிக்கை, வரும் தேதி, திரும்பும் தேதி, தங்குமிடம் ஆகியவற்றை நிரப்பினால் கியூஆர் குறியீட்டுடன் பாஸ் வந்துவிடும். பாஸ் வண்டி எண்ணுக்குத்தான், உங்களுக்கு அல்ல. டிரைவர் கடைசி நேரத்தில் வேறு வண்டி அனுப்பினால் பழைய பாஸ் செல்லாது. 2025 கோடையில் வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் வைத்தார்கள். சனிக்கிழமைப் பயணத்துக்கு வெள்ளி இரவு உட்கார்ந்து பதிவு செய்யாதீர்கள்.

ஒரு விலக்கைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள்; ஏமாற்று வேலை அதிகம் நடக்க வாய்ப்புள்ள இடம் அதுதான். நீலகிரிப் பதிவு வண்டிக்கு, அதாவது எண் டிஎன் 43 என்று தொடங்கினால், இ-பாஸ் வேண்டாம். அந்த வண்டி கோவையில் நின்றாலும் சரி, மேட்டுப்பாளையத்தில் சவாரிக்குக் காத்திருந்தாலும் சரி, வேண்டாம். மேட்டுப்பாளையத்தின் டிஎன் 40, கோவையின் டிஎன் 37, 38, 66, 99 என்றால் வேண்டும். அரசுப் பேருந்திலோ மலை ரயிலிலோ ஊட்டி வந்து அங்கே உள்ளூர் டாக்ஸி எடுத்தால் உங்களுக்கு இ-பாஸ் என்ற பேச்சே இல்லை. ஆகவே பணம் பேசும் முன் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். டிஎன் 43 வண்டிக்கு “பாஸ் செலவு” கேட்பவரின் வண்டியில் ஏறவே ஏறாதீர்கள்.

மாவட்டத்துக்குள் நுழையும் வண்டிகளை இவ்வளவு கறாராக எண்ணுகிறவர்கள், கோத்தகிரி சாலைச் சந்திப்பிலிருந்து சிகரத்துக்கு ஏறும் மூன்று கிலோமீட்டர் ஒற்றைச் சாலை ஒரு நேரத்தில் எத்தனை வண்டி தாங்கும் என்று எண்ணுவதில்லை. சீசனில் நெரிசல் அங்கேதான். “மேலே இப்போது மூடுபனி” என்று ஒரு பலகையைச் சிகரச் சாலையின் வனத்துறைச் செக்போஸ்டில் வைத்தால் பாதி வண்டி திரும்பிவிடும். அதற்கும் ஆளில்லை.

இப்போது நேரம். வெயிலில் சரிவு சூடேற ஏற, அடிவாரத்து ஈரக்காற்று பள்ளத்தாக்கு வழியாக மேலே ஏறுகிறது. ஏறும்போது குளிர்ந்து மேகமாகிறது. மே மாதத்தில் பல நாட்கள் இரண்டு, மூன்று மணிக்குள் சிகரம் மேகத்துக்குள் போய்விடும். இடிமழையும் அந்த நேரத்தில்தான் வரும். “நாலு மணி வியூ” உங்களுக்காகச் சொல்லப்படுவதில்லை. அதற்கு முன்னால் டீ ஃபேக்டரி, சாக்லேட் கடை, தைலக்கடை என்று இறக்கிவிட நேரம் வேண்டுமே, கமிஷன் அங்கேதானே! யூகலிப்டஸ் தைலம் வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டுப் பாருங்கள். காய்ந்தபின் எண்ணெய்க்கறை நின்றால் கலப்படம். கறை இல்லை என்பதற்காகச் சுத்தம் என்று முடிவு கட்டவும் முடியாது. டர்பன்டைன் கலந்தால் கறை விழாது.

நீங்கள் ஊட்டி சேர்ந்ததும் ஸ்பாட் எதுவும் வேண்டாம், நேராக மேலே போங்கள். ஊட்டி நகர நடுவில் இருக்கும் சேரிங் கிராஸிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர். கிளம்பும் முன் கிழக்கே பாருங்கள், மலை முகடு தெரிகிறதா என்று. தெரியாவிட்டால் போகாதீர்கள். மேலே போனபின் மேகம் வந்தால் அரைமணி பொறுக்கலாம். நடுவே கிழிந்து, ஊட்டி நகரமும் மறுபக்கம் குன்னூர்ச் சரிவுகளும் தெரியும். டெலஸ்கோப் டிக்கெட்டை அதற்குப் பிறகு எடுங்கள், மேகத்துக்குள் டெலஸ்கோப் எதையும் காட்டாது. இடி கேட்டால் உயரமான மேடையிலும் மரத்தடியிலும் நிற்காமல் காருக்குள் வந்து கண்ணாடியை ஏற்றிவிடுங்கள்.

டாக்ஸி பேசும்போது காத்திருப்பு எத்தனை மணி நேரம், செக்போஸ்ட் கட்டணமும் பார்க்கிங்கும் யார் தலையில் என்பதை முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். சந்திப்பில் யாராவது “கார் மேலே விடமாட்டாங்க, ஜீப்லதான் போகணும்” என்றால் அவரிடம் பேரம் பேசாமல் செக்போஸ்டில் இருக்கும் வனத்துறை ஊழியரைக் கேளுங்கள்.

அம்மா விஷயத்தில் பெரிய பயம் வேண்டாம். ஊட்டியே 2,240 மீட்டர், சிகரம் 2,637. காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிடக் கால் பங்குக்குமேல் குறைவு என்பதால் படியேறினால் மூச்சு வாங்கும். மெதுவாக நடக்கட்டும், மாத்திரையை விடவேண்டாம். நீங்கள் ஊரைவிட்டுக் கிளம்பும் முன் ஒருமுறை டாக்டரைக் கேட்டுவிடுங்கள். வழியில் வாந்தி வந்தால் அது உயரத்தால் அல்ல, கொண்டை ஊசி வளைவால். காலைச் சாப்பாட்டைக் குறைத்து முன் சீட்டில் உட்கார வையுங்கள். ஸ்வெட்டர் மேமாதமும் வேண்டும். தண்ணீருக்கு ஸ்டீல் பாட்டில். ஒரு லிட்டர், அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில்களுக்கு நீலகிரியில் தடை, சோதனைச் சாவடியில் பிடுங்கி அபராதமும் போடுவார்கள்.

சனிக்கிழமை மேகம் மூடிவிட்டால் வருத்தப்பட வேண்டாம். சீசனில் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும்படி போலீஸ் ஒருவழியாக்குவது வழக்கம். தொட்டபெட்டா சந்திப்பு அந்தக் கோத்தகிரி சாலையில்தான் இருக்கிறது. ஊருக்குத் திரும்பும் நாளில் காலை ஏழரைக்கு லாட்ஜைக் காலி செய்து, மேலே ஒருமணி நேரம் இருந்துவிட்டு அப்படியே இறங்கிவிடலாம்.