ஆந்திராவின் பாபட்லாவில் கரை கடந்த புயலுக்கு வடசென்னை எர்ணாவூரில் ஏன் தண்ணீர் நின்றது?

கரை கடக்கும் இடம் வேறு, மழை கொட்டும் இடம் வேறு. மிக்ஜாம் புயல் 2023 டிசம்பர் 5 அன்று பாபட்லா அருகேதான் கரை கடந்தது, சரி. ஆனால் அதற்கு முந்தைய நாட்களில் சென்னையை ஒட்டியே கடலில் மெதுவாக நகர்ந்து மழையை நம் தலையில் கொட்டியது.

மழை விட்ட பிறகும் உங்கள் தெருவில் வடியவில்லை என்கிறீர்களே, அதற்கு முகத்துவாரம் (ஆறு கடலில் சேரும் வாய்) காரணமாக இருக்கலாம். பக்கிங்காம் கால்வாயும் கொசஸ்தலை ஆறும் எண்ணூர் முகத்துவாரம் வழியாகத்தான் கடலில் சேர வேண்டும். புயல் நேரத்தில் கடல் மட்டம் உயர்ந்திருக்கும். உள்ளேயிருந்து வரும் தண்ணீரை வாங்காது. பூண்டி ஏரியில் திறந்துவிடும் உபரி நீரும் கொசஸ்தலை வழியாகத் தாமதமாக வந்து சேரும்.

அடுத்த முறை மழை நின்றதும் வீட்டுச் சுவரில் தண்ணீர் மட்டத்துக்கு சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். ஆறு மணி நேரம் கழித்து ஒன்று, அப்புறம் இன்னொன்று. கடல் ஓதம் வற்றும்போது தெருத் தண்ணீர் இறங்கி, ஓதம் ஏறும்போது ஏறினால் முகத்துவாரம்தான் காரணம். அசையாமல் நின்றால் தெரு வடிகால் அடைப்பு. வார்டு அலுவலகத்தில் அதைச் சொல்லியே புகார் கொடுங்கள். (சும்மா 'தண்ணீர் நிற்கிறது' என்றால் மோட்டார் அனுப்பிவிட்டுப் போய்விடுவார்கள்.)

ஒன்று: இது மழை வெள்ளத்துக்கு மட்டும். 2016இல் வர்தா மாதிரி நேராக நம் மேலேயே கரை கடந்தால் காற்றுதான் முதல் ஆபத்து. மையத்துக்கு வடக்கே இருப்பவர்களுக்குக் காற்று கடலிலிருந்து கரைக்கு அடிக்கும், கடல்நீரும் கூடவே ஏறும். அப்போது கோடு போட நிற்க வேண்டாம், முகாமுக்குப் போய்விடுங்கள்.