மூளையின் 'தாங்கு செல்கள்' சும்மா முட்டுக்கொடுக்கத்தான் இருக்கின்றனவா?

ஒருவர் கேட்டிருப்பது இது: "நியூரோகிளியா என்றால் நியூரான்களைத் தாங்கும் செல்கள் என்று பாடத்தில் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். தாங்குவது மட்டும்தான் அவற்றின் வேலையா? யாராவது உருப்படியாக ஆராய்ந்திருக்கிறார்களா?"

எனக்கும் கல்லூரியில் அந்த ஒரு வரிதான் கிடைத்தது. இரண்டு மார்க் கேள்வி, எழுதிவிட்டு மறந்தாயிற்று. பெயரிலேயே வில்லங்கம் இருக்கிறது. கிளியா என்றால் கிரேக்கத்தில் பசை. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ, நியூரான்களை ஒட்டவைக்கும் சாந்து என்று நினைத்து வைத்த பெயர். அதற்கப்புறம் ஆட்கள் நூறு வருடத்துக்கும் மேலாக நியூரானையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிளியா பக்கம் போனவர்கள் சிலர்தான்.

உருப்படியாக ஆராய்ந்தவர் என்று ஒரே ஒருவரைச் சொல்லச் சொன்னால் நான் பென் பேரஸைச் சொல்வேன். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர், 1954இல் பிறந்து 2017இல் கணையப் புற்றுநோயில் இறந்தார். முதலில் நரம்பியல் மருத்துவம் படித்தவர். நியூரான்கள் அழிந்துபோன மூளைத் திசுக்களைப் பார்க்கும்போதெல்லாம் பக்கத்திலிருந்த கிளியா செல்களும் உருமாறியிருப்பதைக் கவனித்திருக்கிறார். இவை அங்கே என்ன செய்கின்றன என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. வைத்தியத்தை விட்டுவிட்டு ஹார்வர்டில் ஆராய்ச்சி மாணவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்.

கிளியா என்ன செய்கிறது என்று தெரிய வேண்டுமானால், கிளியாவே இல்லாத நியூரான்களை முதலில் பார்க்க வேண்டும். மூளையில் இரண்டும் பின்னிப் பிணைந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரிக்கும் வேலையைத்தான் பேரஸின் பெரிய சாதனையாக நான் நினைக்கிறேன். மற்றவர்கள் கண்டுபிடிப்புகளைச் சொல்வார்கள், நான் இதைச் சொல்வதற்குக் காரணம், இந்த முறையைக் கையால் செய்து பார்த்துச் சொதப்பியிருக்கிறேன்.

முறைக்கு இம்யூனோபேனிங் என்று பெயர். நோய் எதிர்ப்பு செல்களைப் பிரிக்க ஏற்கெனவே இருந்ததுதான், பேரஸ் அதை 1988இல் விழித்திரைக்குக் கொண்டுவந்தார். எலிக்குட்டியின் விழித்திரையை எடுத்து பப்பைன் நொதியில் ஊறவைப்பார்கள். ஆமாம், பப்பாளிப் பாலில் இருக்கும் அதே பப்பைன். கறி வேகாவிட்டால் ஒரு பப்பாளிக்காய்த் துண்டைப் போடுகிறோமே, அதே காரணம்தான்: செல்களைப் பிடித்துவைத்திருக்கும் புரதங்களை அது அறுத்துவிடும். இப்போது செல்கள் தனித்தனியாக நீந்துகின்றன. வேண்டாத செல்களைப் பிடிக்கும் ஆன்டிபாடி பூசிய பெட்ரி தட்டில் முதலில் ஊற்றுவார்கள், அவை ஒட்டிக்கொள்ளும். மிச்சத்தை இன்னொரு தட்டுக்கு மாற்றுவார்கள். அதில் கண்ணிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் கேங்க்ளியான் செல்களை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடி இருக்கும். அப்புறம் அலசுவது. அரிசியில் கல் அரிப்பது மாதிரிதான், என்ன, இங்கே நமக்கு வேண்டியது அடியில் தங்கும் கல்.

மைக்ரோஸ்கோப்பில் வைத்துத் தட்டை விரலால் லேசாகத் தட்டினால், ஒட்டாத செல்கள் மிதந்து ஓடும், ஒட்டியவை இருந்த இடத்திலேயே நடுங்கும். அதைப் பார்க்கும் சுகமே தனி. நான் வேலை பார்த்த ஆய்வகத்தில் முதல் தடவை அலசும்போது கொஞ்சம் வேகமாக ஊற்றிவிட்டேன், காலையிலிருந்து செய்த வேலை சிங்க்கில் போய்விட்டது. இரண்டாம் தடவை பயந்து பயந்து ஊற்றியதில் குப்பையெல்லாம் அப்படியே தங்கிவிட்டது. விழித்திரையில் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாத ஒரு செல் வகையை ஏறக்குறைய முழுத் தூய்மையோடு பிரித்தெடுக்க எத்தனை மாதம் ஆகியிருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது.

சரி, பிரித்தாயிற்று. கிளியா இல்லாத நியூரான்கள் என்ன செய்தன? உயிர் பிழைக்கத் தேவையான வளர்ச்சிக் காரணிகளை மீடியத்தில், அதாவது செல்களை வளர்க்கும் திரவத்தில், சேர்த்தால் நன்றாகவே வளர்ந்தன. கிளை விட்டன, மின்துடிப்பும் கொடுத்தன. ஆனால் ஒன்றோடொன்று பேசவில்லை. நியூரானும் நியூரானும் சந்திக்கும் சினாப்ஸ்கள் சொற்பம், இருந்தவையும் அரைகுறை. அதே தட்டில் நட்சத்திர வடிவக் கிளியாவான ஆஸ்ட்ரோசைட்டைச் சேர்த்ததும் வேலை செய்யும் சினாப்ஸ்கள் ஏழு மடங்கு ஆகிவிட்டன. எரிக் உல்லியனும் பேரஸும் மற்றவர்களும் 2001இல் சயின்ஸ் இதழில் இதை வெளியிட்டார்கள்.

தொட்டுக்கொண்டிருக்கக்கூட வேண்டாம், ஆஸ்ட்ரோசைட் வளர்ந்த மீடியத்தை ஊற்றினாலே போதும். அப்படியென்றால் அந்த நீரில் எதையோ கசியவிடுகிறது. அது த்ராம்போஸ்பாண்டின் என்ற புரதம் என்று 2005இல் சொன்னார்கள். ரத்தத் தட்டணுக்களில் பார்த்த பழைய புரதம்தான். ஒரு சிக்கல், அது கட்டும் சினாப்ஸ் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் கச்சிதமாக இருக்கும், செய்தி வந்தால் வாங்கிக்கொள்ளாது. கம்பி இழுத்து கனெக்‌ஷன் கொடுக்காத வீடு மாதிரி. அந்த கனெக்‌ஷனைக் கொடுக்கும் கிளிப்பிகான் 4, 6 என்ற புரதங்களை 2012இல் அதே ஆய்வகத்தில் நிக்கோலா ஆலன் கண்டுபிடித்தார். அவற்றையும் ஆஸ்ட்ரோசைட்தான் விடுகிறது.

கட்டுகிற கிளியாவே இடிக்கவும் செய்கிறது. வளரும் மூளை தேவைக்கு மேல் சினாப்ஸ் போட்டுவிட்டு அப்புறம் கழிக்கும். எதைக் கழிப்பது என்று அடையாளம் வைப்பதில் சி1கியூ என்ற நோய் எதிர்ப்பு மண்டலப் புரதத்துக்குப் பங்கு இருக்கிறது என்று பெத் ஸ்டீவன்ஸ் 2007இல் பேரஸின் ஆய்வகத்தில் இருந்தபோது காட்டினார். கிருமியை ஒழிக்கும் ஏற்பாட்டையே மூளை கிளை வெட்டவும் வைத்திருக்கிறது. 2017இல் ஷேன் லிடலோவும் பேரஸும் இன்னொன்று சொன்னார்கள்: மூளையில் அழற்சி வரும்போது, அங்கே நோய் எதிர்ப்பு வேலை பார்க்கும் கிளியாவான மைக்ரோகிளியா அனுப்பும் மூன்று சமிக்ஞைகளால் ஆஸ்ட்ரோசைட் குணம் மாறி நியூரானையே கொல்கிறது. இதற்கு ஏ1 என்று பெயர் வைத்து, நல்லது செய்யும் வகையை ஏ2 என்றார்கள். பெயர் பிரபலமாகிவிட்டது, எனக்கு அதில் அவ்வளவு உடன்பாடில்லை. 2021இல் இந்தத் துறையின் ஆய்வாளர்கள் பலர் சேர்ந்து, இப்படி நல்லது கெட்டது என்று இரண்டாகப் பிரிப்பதை விட்டுவிடுங்கள் என்று எழுதினார்கள்.

நடுவில் ஒன்று. கிளியா நியூரானைவிடப் பத்து மடங்கு அதிகம் என்று எங்காவது படித்தால் நம்பாதீர்கள். பிரேசிலின் சுசானா ஹெர்குலானோ ஹூசெல் குழு மூளையைச் சோப்பு நீரில் கரைத்து உட்கருக்களை எண்ணி, 2009இல் வெளியிட்ட கணக்கு: நியூரான் சுமார் 8,600 கோடி, மற்ற எல்லா செல்களும் சேர்த்து சுமார் 8,500 கோடி.

பேரஸ் ஒரு திருநம்பி, 1997இல் மாறினார். அதற்குப் பிறகு அவர் பேசிய ஒரு கருத்தரங்கைக் கேட்ட ஒருவர், இவருடைய ஆராய்ச்சி இவர் அக்காதங்கையுடையதைவிட எவ்வளவோ மேல் என்றாராம். அப்படி ஒரு சகோதரியின் ஆராய்ச்சியே கிடையாது, முந்தைய பெயரில் வந்ததும் இவருடையதுதான். 2006இல் நேச்சர் இதழில் அவரே இதை எழுதினார்.

கடைசியாக எங்கள் வீட்டு விஷயம். பெரியப்பாவுக்குச் சர்க்கரை, உள்ளங்கால் எரிச்சலுக்கு கேபாபென்டின் சாப்பிடுகிறார். த்ராம்போஸ்பாண்டின் போய் ஒட்டும் இடமும் அந்த மாத்திரை போய் ஒட்டும் இடமும் ஒன்று என்று 2009இல் சாக்லா எரோக்லுவும் பேரஸும் காட்டினார்கள். மாத்திரை இருந்தால் புதிய சினாப்ஸ் உருவாவது தடைபடுகிறது, ஏற்கெனவே இருப்பவற்றுக்கு ஒன்றும் ஆவதில்லை. எலியிலும் தட்டிலும் பார்த்தது இது. படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். வலி குறைவதற்கு வழக்கமாகச் சொல்லும் காரணம், அந்த இடம் நியூரானுக்குள் கால்சியத்தை விடும் வாயில்களைச் சேர்ந்தது, மாத்திரை அவற்றை அடக்குகிறது என்பது. ஆர்வத்தில் இதையெல்லாம் பெரியப்பாவிடம் விளக்கினேன். முழுதாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிம்மா, ராத்திரி ஒண்ணு போடணுமா ரெண்டா?" என்றார்.