சொன்ன பேச்சைக் கேட்காத எங்கள் வீட்டு நாய்: கேள்வி பதில்

சிறுவயதில் வீட்டில் வளர்ந்த, எவ்வளவு பழக்கியும் படியாத நாய்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, 31 ஆண்டுகள் கால்நடை மருத்துவராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற நம் உறுப்பினர் பதிலளிக்கிறார்.

கேள்வி (சாத்தூர்): ஐயா, 1980களில் எங்கள் வீட்டில் ஒரு சிப்பிப்பாறை நாய் இருந்தது. "வா" என்றால் திரும்பி ஒரு பார்வை பார்க்கும். பிறகு தன் வழியே போய்விடும். எதிர்வீட்டு அல்சேஷனோ விரலை நீட்டினாலே உட்காரும். எங்கள் நாய்க்கு அறிவு குறைவா?

பதில்: அறிவு குறைவு அன்று, தொழில் வேறு. அல்சேஷன் என்று நாம் அழைக்கும் ஜெர்மன் ஷெப்பர்ட், ஆட்டு மந்தைகளைக் காத்த நாய்களிலிருந்து உருவாக்கப்பட்டது. மேய்ப்பனின் முகத்தைப் பார்த்து, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று காத்திருப்பதே அதன் வேலை. சிப்பிப்பாறையும், கன்னி என்ற நாயினமும் முயலைக் கண்ணால் கண்டு விரட்டுவதற்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. ஓட்டம் தொடங்கிய சில நொடிகளில் மனிதர் பின்தங்கிவிடுவார். எங்கே திரும்புவது, எங்கே குறுக்கே பாய்வது என்பதையெல்லாம் நாயே முடிவு செய்தாக வேண்டும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் அந்த வேட்டைக்கு இடமில்லை என்றாலும், சட்டம் வந்ததும் இரத்தம் மாறிவிடுமா? ஸ்டான்லி கோரன் என்ற உளவியலாளர் 1994இல் வெளியிட்ட நாய்களின் தரவரிசையில் ஆப்கன் ஹவுண்ட் கடைசி இடத்தில் இருந்தது. அதுவும் கண்ணால் கண்டு வேட்டையாடும் இனம்தான். கீழ்ப்படிதல் போட்டி நடுவர்களின் மதிப்பீட்டைக் கொண்டு செய்த வரிசையில் அப்படிப்பட்ட இனம் கடைசியில் வராமல் வேறு எங்கே வரும்?

உங்கள் நாய் திரும்பிப் பார்த்தது என்கிறீர்கள். அதாவது கேட்டது, புரிந்தது, வந்தால் என்ன கிடைக்கும் என்று எடைபோட்டது. வந்தபோதெல்லாம் கழுத்தில் சங்கிலி விழுந்திருந்தால், அது எடுத்த முடிவில் பிழை சொல்ல என்னால் இயலவில்லை.

கேள்வி (திண்டுக்கல்): எங்கள் மணி மற்ற நாட்களில் கூப்பிட்டால் வருவான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான். நாய்க்குக் கிழமை தெரியுமா?

பதில்: கிழமை தெரியாது, வாளியும் சோப்பும் தெரியும். கூப்பிட்டு வந்த நாய்க்கு அது வெறுக்கும் எதையும் செய்யாதீர்கள். குளிப்பாட்ட வேண்டுமானால் நீங்கள் நடந்து சென்று பிடியுங்கள்.

கேள்வி (சிவகாசி): எங்கள் வீட்டு ராஜபாளையம் நாய் பால்போல் வெள்ளை. தொண்டை வற்றக் கத்தினாலும் அசையாது. "திமிர் பிடித்தது" என்று அப்பா அடிப்பார். இன்று நினைத்தாலும் மனம் கனக்கிறது. ஏன் அப்படி இருந்தது?

பதில்: இந்தக் கேள்விக்கு மருத்துவனாக மட்டும் பதில் சொல்ல என்னால் முடியாது, ஏனெனில் எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தது. பெயர் வெள்ளையன், எனக்கு அப்போது ஏழு வயது. ஒரு நாள் பிற்பகல் கிணற்றடியில் அம்மாவின் கையிலிருந்து பித்தளை அண்டா நழுவித் துவைக்கும் கல்லில் விழுந்தது. வேப்பமரத்துக் காகங்கள் எல்லாம் எழும்பின, தொட்டிலில் தங்கை வீறிட்டு அழுதாள், கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த வெள்ளையனின் விலா மட்டும் முன்போலவே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சற்று நேரம் கழித்து அண்ணனின் முழங்கால் கட்டில் சட்டத்தில் தற்செயலாக இடித்ததுதான் தாமதம், துள்ளி எழுந்து நின்றது. "பார்த்தாயா, இவ்வளவு நேரமும் விழித்துக்கொண்டே நடித்திருக்கிறது" என்றார் அப்பா. நாங்களும் நம்பினோம்.

பல ஆண்டுகள் கழித்து வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போதுதான், தோலுக்கும் மயிருக்கும் நிறம் தரும் அதே உயிரணுக்கள் உட்செவியிலும் வேலை செய்கின்றன என்று தெரிந்துகொண்டேன். அவை இல்லாத இடத்தில் உட்செவிக்கு இரத்த ஓட்டமும் வேதிச் சமநிலையும் குலைந்து, பிறந்த சில வாரங்களுக்குள் ஒலியை உணரும் உயிரணுக்கள் அழிந்துவிடும். ஆகவேதான் வெள்ளை நிறம் மேலோங்கிய இனங்களில் பிறவிச் செவிடு மிகுதி. டால்மேஷியன் நாய்களில் 10க்கு 3 என்ற அளவில் ஒரு காதோ இரு காதுகளோ கேட்காதவை என்று அமெரிக்காவில் செய்த சோதனைகள் காட்டின. முழு வெள்ளையும் இளஞ்சிவப்பு மூக்கும்தான் இலட்சணம் என்று நாம் தேடித் தேடி இணைசேர்க்கும் ராஜபாளையத்துக்கும் இந்தக் குறை உண்டு. 2005இல் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டுச் சிறப்பித்த நான்கு நாயினங்களில் அதுவும் ஒன்று. அழகுக்காக அதன் காதை நாமே விலையாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் நாயை நான் பார்த்ததில்லை. ஆனாலும் நீங்கள் சொன்ன அடையாளங்கள் செவிட்டையே காட்டுகின்றன. அத்தகைய நாயைக் கை அசைவாலும், தரையைக் காலால் தட்டியும் நன்றாகவே பழக்கலாம். வெள்ளையனும் ஒருவகையில் பழகியிருந்தது. அம்மா சோற்றுச் சட்டியைத் தூக்கிக் காட்டினால் தெருக்கோடியிலிருந்து ஓடிவரும். அதையும் "தின்பதற்கு மட்டும் காது கேட்கும்" என்றுதான் சொன்னோம்.

கேள்வி (மேலூர்): எங்கள் கறுப்பு நாட்டுநாய் ஒரு சொல்லும் கேட்டதில்லை. அதற்கும் காது கேளாதோ?

பதில்: வீட்டில் தட்டு வைக்கும் ஓசைக்கு வந்ததா? வந்தது என்றால் காது கேட்டது.

கேள்வி (மன்னார்குடி): நீங்கள் சொல்வதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய். அடியாத மாடு படியாது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? எங்கள் தாத்தா புளிய விளாரை எடுத்தால் நாய் பெட்டிப்பாம்பாய் அடங்கும். நாய் ஓநாய் வம்சம். கூட்டத்தில் தலைவன் யார் என்று காட்டினால்தான் பணியும்.

பதில்: முதலில் ஓநாய். அந்தக் கருத்து, 1947இல் ருடால்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர் கூண்டில் அடைபட்ட ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து கிளம்பியது. அதைத் தம் நூலால் பரப்பியவர்களுள் ஒருவரான ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக், காட்டில் பல ஆண்டுகள் ஓநாய்களைப் பின்தொடர்ந்தபின், கூட்டம் என்பது பெரும்பாலும் தாய் தந்தையும் குட்டிகளும் சேர்ந்த குடும்பமே என்று 1999இல் தாமே திருத்தி எழுதினார்.

அடுத்து விளார். தாத்தா இல்லாதபோது நாய் அடங்கியிருந்ததா?

கேள்வி (மன்னார்குடி, மீண்டும்): இல்லை; மற்றவர்கள் அடிக்காததால்தான் அடங்கவில்லை. மேலும், தப்பு செய்தது அதற்கே தெரியும். செருப்பைக் கடித்துவிட்டுத் தாத்தா வந்ததும் காதை மடக்கிக்கொண்டு மூலையில் ஒடுங்கும். குற்ற உணர்வு இல்லாமலா?

பதில்: அப்படியானால் நாய் கற்றது செருப்பைக் கடிக்கக் கூடாது என்பதை அன்று, தாத்தா இருக்கும்போது ஒடுங்க வேண்டும் என்பதைத்தான். அந்தக் "குற்ற முகத்தை" அலெக்ஸாண்ட்ரா ஹொரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2009இல் வெளியிட்ட ஆய்வில் சோதித்திருக்கிறார். தவறே செய்யாத நாயும், வளர்ப்பவர் திட்டும்போது அதே முகத்தைக் காட்டியது. கடித்து அரைமணி நேரம் கழித்து விழும் அடியை நாய் செருப்போடு சேர்த்துப் பார்ப்பதில்லை. அந்த நொடியில் வாசலில் வந்து நிற்கும் உங்களோடுதான் சேர்த்துக்கொள்கிறது. அதிலும் கூப்பிட்டு, வந்தபின் அடிப்பது எல்லாவற்றிலும் கேடு. வந்ததற்கே அடி என்று அது புரிந்துகொள்ளும்.

கேள்வி (கும்பகோணம்): மன்னார்குடி நண்பருக்காகக் கேட்கிறேன்: அப்படியானால் எங்கள் தாத்தாக்கள் எல்லாரும் கொடியவர்களா?

பதில்: என் தந்தையும் அடித்தவர்தான். இரவு மூன்று மணிக்கு எழுந்து, இளைத்துப்போன வெள்ளையனுக்குக் கஞ்சி ஊட்டியவரும் அவரே. தெரியாமல் செய்ததைத் தெரிந்தபின் தொடர்வதைத்தான் கண்டிக்கிறேன். இந்த வழக்கை இத்துடன் முடித்துக்கொள்வோம்; மாட்டைப் பற்றிய பழமொழியை நாய்மேல் ஏற்ற வேண்டாம்.

கேள்வி (பொள்ளாச்சி): உட்காரப் பழக்கும்போது எங்கள் நாய் என் கையைக் கடித்தது. பாட்டி மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டினார். இதுதான் சரியான முறையா?

பதில்: அல்ல. சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட வேண்டும். ஒரு தவணையையும் விடக் கூடாது.

கேள்வி (வேலூர்): எங்கள் பாமரேனியன் கூப்பிட்டால் வந்ததே இல்லை. அதுவும் வெள்ளைதான். காது கேட்காதோ?

பதில்: இதே கேள்வி இன்னும் நான்கு பேரிடமிருந்து வந்திருக்கிறது, எல்லாருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். வெள்ளையெல்லாம் செவிடு அன்று. அதன் கண்ணுக்குத் தெரியாமல், தரை அதிராமல், பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கியிருந்தால் தெரிந்திருக்கும். உங்கள் வீட்டில் ஒருவர் "வா", இன்னொருவர் "கம்", பாட்டி "இந்தா" என்று கூப்பிட்டிருந்தால், காதில் குறை தேட வேண்டியதில்லை.

கேள்வி (சிவகாசி, மீண்டும்): ஐயா, வெள்ளையனிடம் உங்கள் அப்பாவுக்குப் பிடித்தது எதுவுமே இல்லையா?

பதில்: இருந்தது. தீபாவளிக்குத் தெருவிலுள்ள மற்ற நாய்கள் எல்லாம் கட்டிலுக்கு அடியில் நடுங்கிக் கிடக்கும்போது, இது மட்டும் வாசற்படியில் கால் நீட்டி உறங்கும். சரவெடி பத்தடி தள்ளி வெடித்தாலும் புரண்டு படுக்காது. வருவோர் போவோரை எல்லாம் நிறுத்தி அதன் வீரத்தைக் காட்டுவார் அப்பா. அன்றிரவு தம் பங்கு அதிரசத்தில் பாதியைப் பிட்டு அதற்குப் போடுவார்.