பெட்ரோல் பங்க் டாங்க்கும் நம்ம கிணறும்: கேள்விகளும் பதில்களும்

பாலக்காட்டின் தமிழக எல்லையோரம் வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் பக்கம் குடிக்கவும் பாய்ச்சவும் கிணறும் போரும்தான். பெட்ரோல் பங்க்குகளில் மண்ணுக்கடியில் இருக்கும் டாங்குகளைச் சோதிக்கும் வேலையில் இருந்தவன் என்பதால், அதைப் பற்றி யாரும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சில இங்கே.

கேள்வி (கொழிஞ்சாம்பாறை): அண்ணா, எங்க கிணத்துத் தண்ணி மேல வானவில் மாதிரி ஒரு படலம் நிக்குது. கொஞ்ச தூரத்துல பங்க் இருக்கு. பெட்ரோலா இருக்குமா?

பதில்: ஒரு வாளி மொண்டு வெச்சு, படலத்தைக் குச்சியால் கீறிப் பாருங்கம்மா. சில்லு சில்லாக உடைந்து அப்படியே தனித்தனியாக நின்றால் அது பெரும்பாலும் இரும்புச்சத்தில் வளரும் பாக்டீரியா. நம்ம செம்மண் பூமியில் சகஜம், பயப்பட வேண்டாம். கீறின இடம் சுழன்று மறுபடி ஒட்டிக்கொண்டால் எண்ணெய்.

எண்ணெய் என்றால் அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ கூடாது. கொதிக்க வைத்துக் குடிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், ஆவி முழுக்க அடுப்படியில்தான் நிறையும். பெட்ரோலில் பென்சீன் இருக்கிறது. புற்றுநோய் தரும் என்று உறுதியான பொருள் அது. குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்தான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. அவ்வளவு கொஞ்சம் கலந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் எட்டாது. வாசம் வரவில்லை என்பதால் தண்ணீர் நல்லது என்று ஆகிவிடாது. கண்ணாடிப் பாட்டிலில் காற்று இடமே இல்லாமல் விளிம்பு வரை நிரப்பி, மூடி, குளிர்ச்சியாகவே வைத்து ஆய்வகத்துக்குக் கொடுங்கள். பாதி பாட்டில் கொண்டு போனால் வழியிலேயே ஆவியாகிவிடும்.

இன்னொன்று. கிணற்றில் இறங்குவதற்கு முன் காற்று இருக்கிறதா என்று விளக்கை இறக்கிப் பார்ப்பது நம்ம பெரியவர்கள் வழக்கம். பெட்ரோல் வாசம் வரும் கிணற்றில் அதைச் செய்யவே கூடாது. ஆவி காற்றைவிடக் கனம், அடியில் தங்கும். காற்றில் 1.4 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும்.

கேள்வி (கோபாலபுரம், பங்க் மேனேஜர்): சார், தினமும் கணக்கில் கொஞ்சம் குறையுது. வெயிலுக்கு ஆவியாகுதுன்னு முதலாளி சொல்றார். சரிதானா?

பதில்: பாதி சரி. வெயில்தான் காரணம், ஆனால் ஆவியாவது மட்டுமல்ல, சுருங்குவதும் உண்டு. பெட்ரோல் ஒரு டிகிரி குளிர்ந்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு சுருங்கும். வெயிலில் வந்த லாரி 12,000 லிட்டர் இறக்கி, உள்ளே போய் 5 டிகிரி குறைந்தால் 60 லிட்டர் காணாமல் போன மாதிரி தெரியும். ஆனால் அந்தக் குறைவு லோடு இறங்கிய ஓரிரு நாளில் நின்றுவிட வேண்டும்.

நீங்கள் பார்க்க வேண்டியது போக்கு. நல்ல டாங்கில் ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். தினமும் குறைவு மட்டுமே வந்தால், அதுவும் விற்பனையே இல்லாத ராத்திரியில் டிப் (அளவுக் கம்பி விட்டுப் பார்க்கும் எண்ணெய் மட்டம்) இறங்கினால், கசிவு என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரவு மூடும்போதும் காலையில் திறக்கும்போதும் டிப் எடுத்து, தேதி போட்டு எழுதி வையுங்கள். நாளைக்கு 18 லிட்டர் கசிந்தால் விற்பனைக் கணக்கில் அது மறைந்துபோகும். வருஷத்துக்கு 6,500 லிட்டருக்கு மேல் மண்ணுக்குள் போயிருக்கும். அந்த டிப் நோட்டை யாரும் மதிப்பதில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

கேள்வி (அதே மேனேஜர்): மழைக்காலத்துல டாங்க்ல தண்ணி காட்டுது.

பதில்: உடனே விற்பனையை நிறுத்துங்கள். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அது தண்ணீரை உறிஞ்சும், அளவு மீறினால் பிரிந்து தண்ணீரோடு அடியில் தங்கிவிடும். தண்ணீர் பட்டால் நிறம் மாறுவதற்காக டிப் ராடு முனையில் தடவும் பேஸ்ட்டும் எத்தனால் பெட்ரோலுக்கு என்றே உள்ளதாக இருக்கட்டும், பழையது சரியாக நிறம் மாறாது. மேல் மூடி வழியாக மழைநீர் இறங்கியிருக்கலாம். மூடி சரியாக இருந்தும் தண்ணீர் வந்தால் யோசிக்க வேண்டும்: நிலத்தடி நீர் உள்ளே வர வழி இருந்தால், கோடையில் அதே வழியாகப் பெட்ரோல் வெளியே போகும்.

கேள்வி (மீனாட்சிபுரம்): மூடிப்போன பங்க் இடத்தை வாங்கியிருக்கோம் அண்ணா. டாங்க் உள்ளேயே இருக்கு. வெட்டி இரும்புக்குப் போடலாமா, இல்லை தண்ணி சேமிக்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம் தம்பி. காலி டாங்க் நிறைந்த டாங்கைவிட ஆபத்து. நிறைந்ததில் காற்றுக்கு இடமில்லை, காலியானதில் ஆவியும் காற்றும் சரியான கலவையில் நிற்கும். கேஸ் கட்டர் வைத்தால் வெடிக்கும். உள்ளே ஆள் இறங்கினால் மூச்சு நின்றுவிடும், காப்பாற்ற இறங்குகிறவருக்கும் அதே கதி. உரிமம் கொடுத்த வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவுக்கும் எண்ணெய் நிறுவனத்துக்கும் எழுதி, ஆவி நீக்கிச் சான்று வாங்கிய பிறகே தொடுங்கள். எடுத்த பிறகு குழி மண்ணையும் சோதிக்கச் சொல்லுங்கள், விலை பேசும்போது இதை யாரும் சொல்வதில்லை.

கேள்வி (வண்ணாமடை): தென்னந்தோப்புல டீசல் பேரலைப் புதைச்சு வெக்கலாமா?

பதில்: புதைக்காதீர்கள். டீசல் 2,500 லிட்டர் வரை, ஒரு கலன் 1,000 லிட்டருக்கு மிகாமல், உரிமம் இல்லாமல் வைக்கச் சட்டம் விடுகிறது. தரைக்கு மேல், சிமென்ட் தொட்டிக்குள் வையுங்கள், ஒழுகினால் கண்ணில் படும்.

கேள்வி (வேலந்தாவளம்): பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துல புது பங்க் வருது. தடுக்க முடியுமா?

பதில்: மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020 வழிகாட்டுதல்படி பள்ளி, 10 படுக்கையோ அதற்கு மேலோ உள்ள மருத்துவமனை, குடியிருப்புப் பகுதி ஆகியவற்றுக்கு 50 மீட்டர் இடைவெளி வேண்டும். இடநெருக்கடி இருந்தால் கூடுதல் பாதுகாப்போடு 30 மீட்டர் வரை குறைக்கலாம், அதற்குக் கீழே கூடாது. தடையில்லாச் சான்று தருவது மாவட்ட நிர்வாகம், அங்கேதான் ஆட்சேபம் கொடுக்க வேண்டும். இரட்டைச் சுவர் டாங்க் போடுகிறார்களா, நடுவில் கசிவு காட்டும் கருவி உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். அமெரிக்காவில் 1984-ல் சட்டம் போட்டு, துருப்பிடிக்காமல் காக்கும் ஏற்பாடு இல்லாத பழைய இரும்பு டாங்குகளைச் சரிசெய்யவோ மாற்றவோ மூடவோ 1998 டிசம்பர் வரை கெடு கொடுத்தார்கள். அங்கே உறுதியான கசிவுகள் 5 லட்சத்துக்கும் மேல். பங்க்கைச் சுற்றியுள்ள கிணறுகளின் தண்ணீரை, பங்க் திறப்பதற்கு முன்பே ஒருமுறை சோதித்து அறிக்கையைப் பஞ்சாயத்தில் வையுங்கள். பின்னால் பிரச்சினை வந்தால் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான்.