நாற்காலியில் வைத்தே பரிசோதித்தால் போதுமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 72 வயது. பக்கவாதத்தால் இடது கை, கால் விழுந்துவிட்டதால் சக்கர நாற்காலியில்தான் இருக்கிறார். சர்க்கரை நோயும் உண்டு. மல்லாந்து படுத்தால் மூச்சு வாங்குகிறது. போன முறை டாக்டர் அவரைப் படுக்க வைக்காமல், நாற்காலியில் வைத்தே பார்த்து அனுப்பிவிட்டார். இது சரியா?

பதில்: படுக்க வைக்காததில் தவறே இல்லை. மூச்சு வாங்குகிறவரை மல்லாக்கப் படுக்க வைத்து வதைக்கக் கூடாது. இதயம், நுரையீரல் இரண்டையும் உட்கார்ந்த நிலையிலேயே நன்றாகப் பரிசோதிக்கலாம். ரத்த அழுத்தத்தை மட்டும் வலது கையில் பார்க்கச் சொல்லுங்கள். பக்கவாதம் வந்த கையில் அளவு மாறிக் காட்டலாம்.

ஆனால், நாற்காலியில் இருப்பவரிடம் விட்டுப்போகிற பரிசோதனைகள் சில உண்டு. எனக்குப் பெரிய கவலை தோல்தான். நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பவருக்குப் புட்டத்திலும் வால் எலும்புப் பக்கமும் குதிகாலிலும் அழுத்தப்புண் வரும். ஆரம்பத்தில் வெறும் சிவப்பாக இருக்கும். விரலால் அழுத்தி எடுத்தாலும் அந்தச் சிவப்பு மறையாது. கறுத்த தோலில் சிவப்பு தெரியாமலே போகலாம். அப்போது தொட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்: சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும். உணர்ச்சி குறைந்திருந்தால் அப்பாவுக்கு வலிக்காது, அவராகச் சொல்லவும் மாட்டார். தலைப்பக்கத்தை உயர்த்தி, ஒருக்களித்துச் சாய்த்துப் பார்த்தே ஆக வேண்டும்.

அப்புறம் பாதம். சாக்ஸைக் கழற்றி, விரல் இடுக்கு வரை பார்த்து, மெல்லிய நைலான் இழையால் தொட்டு உணர்ச்சியைச் சோதிக்க வேண்டும். இதற்குப் படுக்கவே தேவையில்லை, ஆகவே விடக் காரணமும் இல்லை. வயிற்றை, அவர் தாங்கும் அளவுக்கு முதுகைத் தலையணையில் சாய்த்து, முழங்காலை மடக்கி வைத்துச் சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். எடையும் முக்கியம். உடம்பில் நீர் சேர்வதை முதலில் காட்டுவது பல சமயம் அதுதான். நாற்காலியோடு ஏற்றி எடை பார்க்கும் தராசு இருக்கிறதா என்று கேளுங்கள்.

அடுத்த முறை முன்பதிவு செய்யும்போதே, தூக்க ஆள் வேண்டும், கொஞ்சம் கூடுதல் நேரம் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். படுத்தால் மூச்சு வாங்குவது டாக்டருக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் அடுத்த தேதி வரை பொறுக்காமல் இப்போதே சொல்லுங்கள். உட்கார்ந்திருக்கும்போதே திணறினால் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.