பைக்கில் போன் சார்ஜர், டாஷ்கேம், இன்ன பிற: கேட்டவர்களுக்குப் பதில்

கொழும்பு பஞ்சிகாவத்தையில் பைக் வயரிங் வேலை செய்கிறேன். மழை தொடங்கினால் கருகிய சார்ஜரோடு வருகிறவர்கள் கூடிவிடுவார்கள். அநேகமாக எல்லாரும் சார்ஜரைத்தான் குறை சொல்வார்கள். வயரைத் தொடர்ந்து போய்ப் பார்த்தால் கோளாறு வேறெங்கோ இருக்கும். கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து எழுதுகிறேன்.

கொட்டாஞ்சேனை: அண்ணா, 110 சீசீ ஸ்கூட்டரில் சாப்பாடு டெலிவரி செய்கிறேன். நாள் முழுக்க மேப் ஓடுகிறது. சார்ஜ் போட்டபடியே ஓடினால் பற்றரி இறங்கிவிடுமா?

ஓடும்போது இறங்காது. 5 வோல்ட், 2 அம்பியர் என்றால் 10 வாட். சார்ஜரில் வீணாவதையும் சேர்த்தால் 12 வாட் வரும். பற்றரிப் பக்கம் அது 1 அம்பியர் அளவுதான். உங்கள் ஹலோஜன் ஹெட்லைட் 35 வாட் இழுக்கிறது, அதோடு ஒப்பிட்டால் இது பெரிய விஷயமில்லை.

பிரச்சினை நிற்கும்போதுதான். கடை வாசலில் ஓடர் வரும் வரைக்கும் எஞ்சினை நிறுத்திவிட்டு, சாவியை மட்டும் போட்டு வைத்திருப்பீர்கள். உங்கள் ரக ஸ்கூட்டரில் பற்றரி 3, 4 அம்பியர்-மணிதான் இருக்கும், அதாவது 1 அம்பியர் இழுத்தால் 3, 4 மணி நேரத்தில் காலி. இப்படி நாலு கடையில் நின்றால் மாலையில் செல்ஃப் எடுக்காது. நிற்கும்போது சாவியை எடுத்துவிடுங்கள், அவ்வளவுதான். காலி வீதி நெரிசலில் ஐடிலில் கிடக்கும்போதும் மக்னெற்றோ (எஞ்சின் சுழலும்போது மின்சாரம் உண்டாக்கும் பாகம்) குறைவாகத்தான் தரும் என்பதை நினைவில் வையுங்கள்.

எதையும் பூட்டுவதற்கு முன் ஒரு மல்டிமீட்டரைப் பற்றரி முனைகளில் வைத்துப் பாருங்கள். சில மணி நேரம் ஓடாமல் நின்ற வண்டியில் 12.6 முதல் 12.8 வோல்ட் வரை இருந்தால் பற்றரி நிறைந்திருக்கிறது. எஞ்சினை ஓடவிட்டு திராட்டில் கொடுத்தால் 13.5 முதல் 14.5 வரை ஏற வேண்டும். 13ஐத் தாண்டவில்லையென்றால் முதலில் சார்ஜிங்கைச் சரி செய்யுங்கள். 15ஐத் தாண்டினால் வோல்ட்டைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேற்றர் போய்விட்டது, அதை மாற்றும் வரை போனைக் கிட்டவே கொண்டுபோக வேண்டாம்.

தெமட்டகொட: ஹெட்லைட் வயரிலேயே சார்ஜரைக் கொடுத்தால் சுலபம் என்றார்கள். செய்யலாமா? ரிலே கட்டாயமா?

அந்த யோசனையைக் கேட்டு எரிந்தவைதான் என் மேசையில் அதிகம். பழைய சின்ன பைக்குகள் பலவற்றில் ஹெட்லைட்டுக்குப் பற்றரியிலிருந்து மின்சாரம் போவதில்லை. மக்னெற்றோவிலிருந்து நேரே ஏசியாக, அதாவது திசை மாறி மாறி ஓடும் மின்சாரமாகப் போகிறது. எஞ்சின் வேகத்தோடு வெளிச்சம் கூடிக் குறைந்தால் சந்தேகப்படுங்கள். சார்ஜர், பற்றரி தருவது போல ஒரே திசையில் ஓடும் டிசி எதிர்பார்க்கிறது. அதற்கு ஏசி கொடுத்தால் சில நாள் தாக்குப்பிடிக்கும், அப்புறம் புகைதான். எஞ்சினை ஓடவிட்டு, மீற்றரை ஏசியில் வைத்து அந்த வயரைச் சோதித்தால் உடனே தெரிந்துவிடும்.

நான் செய்கிற முறை இது. பற்றரி பொசிற்றிவிலிருந்து தனியாக ஒரு வயர். முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ். பியூஸைக் கொண்டுபோய் ஹாண்டிலுக்குப் பக்கத்தில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். பற்றரிக்கும் அந்தப் பியூஸுக்கும் நடுவில் வயர் உரசி வண்டியின் இரும்புச் சட்டத்தில் பட்டால் அந்தப் பியூஸ் எதையும் காப்பாற்றாது. ரிலே என்பது சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச், அதன் முனைகளில் எண்கள் இருக்கும். பியூஸிலிருந்து ரிலேயின் 30க்கு. 87இலிருந்து சார்ஜருக்கு. 85 எர்த்துக்கு. 86க்கு, சாவி போட்டால் மட்டும் 12 வோல்ட் வரும் ஒரு வயர். ஹோர்னுக்கோ பிரேக் லைட் சுவிட்சுக்கோ போகும் வயர் பொதுவாக அப்படியானது, ஆனாலும் மீற்றரால் பார்த்துவிட்டே தொடுங்கள். சார்ஜரின் நெகற்றிவ்வை பற்றரி நெகற்றிவ்வுக்கே கொண்டுவாருங்கள். பெயின்ற் அடித்த போல்டில் கட்டாதீர்கள்.

ஒரேயொரு சின்னச் சார்ஜருக்கு ரிலே கட்டாயமில்லை. சாவியோடு வரும் வயரிலிருந்தே எடுக்கலாம், அந்த வழியின் பியூஸ் இந்தக் கூடுதல் அம்பியரையும் தாங்குமென்றால். சார்ஜரோடு ஃபொக் லைட்டும் வேண்டுமென்றால் ரிலே இல்லாமல் நான் கை வைப்பதில்லை.

கிராண்ட்பாஸ்: 5 அம்பியர் பியூஸ் அடிக்கடி போகிறது. 15 போட்டால் நிற்குமா?

நிற்கும், வயர் உருகும் வரைக்கும். பியூஸ் இருப்பது வயரைக் காப்பாற்ற, சார்ஜரை அல்ல. ஹாண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். கழுத்துப் பகுதியில் வயர் இறுகி, உறை வெட்டுப்பட்டு, செம்பு தெரிந்தால் அதுதான் இடம். வயருக்குக் கொஞ்சம் தளர்வு விட்டுக் கட்டுங்கள்.

வெள்ளவத்தை: மரைன் டிரைவ் பக்கம் இருக்கிறோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சார்ஜர் விட்டுவிட்டு வேலை செய்கிறது. கடல் காற்றா?

கடல் காற்றும்தான், நீல நிற கிளிப்பும்தான். வயரை வெட்டாமல் மேலே நசுக்கி இணைக்கிற அந்த கிளிப் உள்ளே சில இழைகளை அறுத்துவிடுகிறது. அறுந்த வாயால் உப்பு ஈரம் புகுந்து, உறைக்குள்ளேயே வயர் பச்சைத் தூளாகிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் புதிது போலவே இருக்கும், இழுத்தால் கையோடு வந்துவிடும். நல்ல கிரிம்ப் (குழாய்த் துண்டை நசுக்கிச் செய்யும் இணைப்பு), அதன் மேல் உள்ளே பசை வைத்த ஹீற் ஸ்ரிங்க் (சூடாக்கினால் சுருங்கும் உறை) போடுங்கள். பற்றரி முனைகளில் கொஞ்சம் வாஸ்லின். சோல்டர்தான் உறுதி என்று சிலர் சண்டை பிடிப்பார்கள். சோல்டர் ஏறிய இடத்தில் வயர் விறைத்துவிடுகிறது, அதிர்வில் அந்த விளிம்பில்தான் முறியும். சோல்டர் செய்தே ஆக வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் வயரை ஆடாமல் கட்டிவிடுங்கள்.

மொறட்டுவை: அண்ணா, நானே சார்ஜர் செய்யலாம் என்று இருக்கிறேன். 7805 போதுமா?

படிக்கிற பிள்ளை போலிருக்கிறது, கணக்கைப் போட்டுப் பாருங்கள். 7805 என்பது மிச்ச வோல்ட்டைச் சூடாக்கிவிட்டு 5 வோல்ட் தரும் சின்ன ரெகுலேற்றர் சிப். 14 வோல்ட் உள்ளே, 5 வோல்ட் வெளியே, 1 அம்பியர். போனுக்கு 5 வாட் போகிறது, 9 வாட் சூடாகவே போகிறது. அதைச் சீற்றுக்கு அடியில் வைத்து என்ன செய்வது? மின்சாரத்தை வேகமாக வெட்டி வெட்டி விட்டு, அதிகம் சூடாகாமல் வோல்ட்டைக் குறைக்கும் எல்எம்2596 போன்ற ஸ்விட்சிங் மொடியூல் வாங்குங்கள். ஆனால் அதில் வோல்ற் கூட்டிக் குறைக்கிற சின்னத் திருகு ஒன்று இருக்கும். பைக் அதிர்வில் அது மெல்ல நகர்ந்து, 5 வோல்ட் 7 ஆகிவிடலாம். மீற்றரில் 5ஐப் பார்த்துச் சரி செய்துவிட்டு, திருகின் மேல் ஒரு சொட்டு நகப்பூச்சு விடுங்கள். வெளியே போகும் பக்கம் எப்போதும் முதலில் மீற்றர், அப்புறம்தான் போன்.

பம்பலப்பிட்டி: கோட்டையில் வேலை. பைக்கை வெளியே விடுகிறேன். டாஷ்கேம் நிறுத்திய பிறகும் ஓட வேண்டும்.

டாஷ்கேம் பற்றரியிலிருந்து கால் அம்பியர் எடுத்தாலும் எட்டு மணி நேரத்தில் 2 அம்பியர்-மணி. உங்கள் பற்றரி 5 அம்பியர்-மணி என்றால் கிட்டத்தட்ட பாதி போய்விட்டது. மாதக்கணக்கில் இப்படி இறக்கினால் பற்றரியின் ஆயுள் குறையும். 12.2 வோல்ட்டுக்குக் கீழே போனால் தானாக வெட்டிவிடும் மொடியூல் இருக்கிறது, அது இல்லாமல் வேண்டாம். என்னைக் கேட்டால் அலுவலக நேரத்துக்கு கமெரா தேவையில்லை, நல்ல பூட்டு ஒன்று வாங்குங்கள். இன்னொன்று: வோல்ட் காட்டும் சிவப்பு எழுத்துள்ள யூஎஸ்பி சொக்கற்றை நேரடியாகப் பற்றரியில் கொடுத்தால் அதுவே 20 மில்லி அம்பியர் வரை குடிக்கும், ஒரு நாளைக்கு அரை அம்பியர்-மணி. ஊருக்குப் போய் ஒரு வாரத்தில் திரும்பி வந்து “பற்றரி புதுசு, ஆனா செத்துப்போச்சு” என்று சொல்கிறவர்களில் பலருக்கு இதுதான் காரணம்.

மருதானை: தம்பி, என்னிடம் இருப்பது பழைய கப் ரக வண்டி. சார்ஜர் பூட்டலாமா?

ஐயா, முதலில் பற்றரியில் 6 என்று எழுதியிருக்கிறதா, 12ஆ என்று பாருங்கள். 6 என்றால் கடையில் விற்கும் 12 வோல்ட் சார்ஜர் ஒழுங்காக வேலை செய்யாது. பவர்பேங்க் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டியின் வயரிங்கையும் கெடுக்க வேண்டியதில்லை.

தெஹிவளை: பற்றரி போய்விட்டது. கழற்றி வைத்துவிட்டு கிக் பண்ணி ஓட்டுகிறேன். சார்ஜர் வேலை செய்கிறதே, இருக்கட்டுமா?

இன்றே கழற்றுங்கள். ரெகுலேற்றரிலிருந்து வரும் ஏற்ற இறக்கங்களைத் தணிப்பது பற்றரிதான். அது இல்லாமல் திராட்டில் திருகினால் வரும் வோல்ட் துள்ளல் எல்ஈடி லைட், வண்டியின் வேக மீற்றர், சார்ஜர் எல்லாவற்றையும் அடிக்கும். பற்றரி முனை தளர்ந்திருந்தாலும் இதே கதைதான்.

கொள்ளுப்பிட்டி: பைக்கில் வைத்து ஓடிய பிறகு ஐபோன் கமெரா மங்கலாக எடுக்கிறது. சார்ஜர்தான் கெடுத்ததா?

இல்லை, அதிர்வு. பலம் கூடிய மோட்டார் சைக்கிள் எஞ்சின்களின் அதிர்வு, படம் ஆடாமல் நிறுத்தும் கமெரா பாகங்களைக் கெடுக்கலாம் என்று அப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்தது. அதிர்வைக் குறைக்கும் ரப்பர் டம்பர் உள்ள ஹோல்டர் வாங்குங்கள். ஸ்கூட்டரிலும் அதையே போடுவது நல்லது.

நுகேகொட: லப்டொப்புக்கு இன்வேர்ட்டர் பூட்டலாமா?

150 சீசீ பைக்கில் வேண்டாம். 65 வாட் லப்டொப் 5 அம்பியருக்கு மேல் இழுக்கும், ஹெட்லைட்டையும் சேர்த்தால் ஐடிலில் மக்னெற்றோவுக்கு அது தாங்காது. வீட்டில் சார்ஜ் போட்டுக்கொண்டு வாருங்கள்.

இராஜகிரிய: மழையில் போனைச் சார்ஜில் விடலாமா? “வோட்டர் புரூஃப்” சொக்கற்றுத்தான்.

சொக்கற்றின் ரப்பர் மூடி மூடியிருக்கும் வரைக்கும்தான் அந்தப் பெயர். கேபிளைச் செருகிய நேரத்தில் அது திறந்துதான் இருக்கிறது. மின்சாரம் ஓடும்போது தண்ணீர் பட்டால் போனின் சார்ஜ் ஓட்டைக்குள் இருக்கும் பின்கள் விரைவில் அரித்துவிடும், உலர வைத்தாலும் திரும்பாது. மழை பிடித்தால் கேபிளைக் கழற்றி, மூடியை அழுத்தி, போனை ஜக்கெட்டுக்குள் பவர்பேங்கோடு வையுங்கள். வெயிலிலும் ஒரு கவனம்: பகல் பன்னிரண்டு மணிக்கு ஹாண்டிலில் வெயில் படச் சார்ஜ் ஏற்றினால் போன் சூடாகித் தானே சார்ஜை நிறுத்தும். அது சார்ஜரின் கோளாறு அல்ல, அதற்காக என் கடைக்கு வர வேண்டாம்.